நாடு தழுவிய சூழல் கண்காணிப்பு: களத் திட்டுகளை எப்படித் தேர்ந்தெடுப்பது?

காடு, புல்வெளி, சதுப்புநிலம் எல்லாம் எப்படி மாறுகின்றன என்று நாடு முழுவதும் தொடர்ந்து கண்காணிக்க ஒரு திட்ட வரைவு எழுதுகிறேன், ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன். செயற்கைக்கோள் பக்கம் பெரிய கவலை இல்லை: லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 1972 முதல் இருக்கின்றன, சென்டினல்-2 செயற்கைக்கோள் ஒரு படப்புள்ளிக்கு 10 மீட்டர் என்ற நுணுக்கத்தில் தருகிறது, மேகம் மறைத்தால் ரேடார் இருக்கிறது. ஆனால் மேலிருந்து பார்த்தால் யூக்கலிப்டஸ் தோப்பும் இயற்கைக் காடும் பல நேரம் ஒரே பச்சைதான்! அதனால் களத்தில் நிரந்தர மாதிரித் திட்டுகள் (திரும்பத் திரும்பப் போய் அளக்கும் சிறு நிலத்துண்டுகள்) வேண்டும்.

அவற்றைச் சம இடைவெளிக் கட்டங்களாக வைப்பதா, சூழல் வகைவாரியாகப் பிரித்துக் குலுக்கல் முறையில் எடுப்பதா? இரண்டாவதில் அரிய சதுப்புநிலங்கள் விடுபடாது, சரி, ஆனால் 20 வருடத்தில் புல்வெளி புதர்க்காடாகிவிட்டால் அந்தத் திட்டை எந்த வகையில் கணக்கு வைப்பது? அப்புறம், அளவிடும் கருவி மாறும்போது பழையதையும் புதியதையும் எவ்வளவு காலம் சேர்த்து ஓட்டினீர்கள்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.