நிலாவின் வெளிச்சப் பக்கம் ஏன் சூரியனைப் பார்க்கவில்லை?

நண்பர்களே, ஒரு குழப்பம். பௌர்ணமிக்கு நாலு நாள் முன்பு, சாயங்காலம் மொட்டைமாடியில் நின்றிருந்தேன். மேற்கே சூரியன் அடிவானத்தைத் தொடப் போகிறது. கிழக்குப் பக்கம் நிலா நல்ல உயரத்தில். அப்படியென்றால் நிலாவின் ஒளிப்பக்கம் கீழே சூரியனை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும் இல்லையா? ஆனால் அது மேல்நோக்கி, சூரியன் எங்கோ தலைக்கு மேல் இருப்பதுபோல் திரும்பியிருந்தது! அருகில் நின்ற மகள், "அப்போ வெளிச்சம் வளைஞ்சு வருதாப்பா?" என்று கேட்டுவிட்டாள்.

ஒளி வளையவில்லை என்பது தெரியும். ஒரு நூலின் ஒரு முனையை நிலாவுக்கும் மறுமுனையைச் சூரியனுக்கும் நேராக இழுத்துப் பிடித்தேன். நூல் கச்சிதமாக ஒளிப்பக்கத்தின் நடுவிலிருந்து கிளம்பியது. நூலை எடுத்தால் மறுபடி கோணல்தான்.

நிலா சுமார் 3,84,000 கி.மீ. தொலைவில், சூரியன் சுமார் 15 கோடி கி.மீ. தொலைவில். அதனால் நமக்கும் நிலாவுக்கும் வரும் கதிர்கள் கிட்டத்தட்ட இணையானவை. இதுவரை புரிகிறது. ஆனால் நேர்கோடு ஏன் வானத்தில் வில்போலத் தோன்றுகிறது என்பதைப் பத்து வயதுக் குழந்தைக்கு எப்படிச் சொல்வது? பந்து, டார்ச் வைத்துச் செய்து காட்ட வழி உண்டா? பனோரமா படம் எடுத்துப் பார்த்தேன், அது அடிவானத்தை நேராக்கி இந்தக் கோட்டை இன்னும் வளைத்துவிட்டது. சூரியனும் நிலாவும் ஒரே படத்தில் சரியாக விழ என்ன லென்ஸ் வேண்டும்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.