"ஒரு குமிழ் மட்டும் லூஸு": பழைய கிட்டார் வாங்கிய கதை

பழைய கிட்டார் வாங்கிய அனுபவங்களை எல்லோரும் சொல்கிறார்கள், என்னுடையதையும் சொல்லிவிடுகிறேன். திருவான்மியூரில் ஒரு தம்பி, மேற்படிப்புக்கு வெளிநாடு போவதால் தன் யமஹா பசிஃபிகா 112வி எலெக்ட்ரிக் கிட்டாரை விற்பதாக விளம்பரம் போட்டிருந்தான். விலை 16,000. "டோன் குமிழ் மட்டும் லூஸு, மேலே வந்துடும்" என்று அவனே எழுதியிருந்தான். படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. சரி, நேரில் பேசிக்கொள்ளலாம் என்று கிளம்பினேன்.

வீடு கடற்கரையை ஒட்டி. உப்புக்காற்று படும் இடத்தில் இருந்த கிட்டார் என்றால் நான் முதலில் பார்ப்பது பிரிட்ஜைத்தான், அதாவது உடம்பில் கம்பிகளைத் தாங்கி நிற்கும் உலோகப் பாகத்தை. அதில் ஒவ்வொரு கம்பிக்கும் அடியில் சேடில் என்ற ஒரு குட்டித் தாங்கி, அதை ஏற்றி இறக்க இரண்டிரண்டு பொடித் திருகு. டார்ச் அடித்துப் பார்த்தால் பாதித் திருகுகளில் துரு பூத்திருந்தது. ஆலன் கீ விட்டுத் திருப்பினேன். எல்லாவற்றிலும் தடித்த 'இ' (E) கம்பியின் திருகு இரண்டும் அசையவே இல்லை. பார்வைக்குச் சின்ன விஷயம்தான், ஆனால் சேடில் இறங்காவிட்டால் கம்பி உயரத்திலேயே நிற்கும், வாசிக்கிறவன் விரல்தான் பாடுபடும்.

அப்புறம் நெக், அதாவது கிட்டாரின் கழுத்து. அதன் மேல் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்தான் ஃப்ரெட். முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே கம்பியை அழுத்திப் பிடித்து நடுவில் பார்த்தேன், ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி. நல்ல நெக். லேசான வளைவு என்றால் உள்ளே இருக்கும் ட்ரஸ் ராட் என்ற உலோகத் தண்டை வைத்துச் சரிசெய்யலாம். முறுக்கிக்கொண்ட நெக் என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுவேன்.

ஆம்பை, அதாவது கிட்டார் சத்தத்தைப் பெருக்கித் தரும் பெட்டியை, அவன் ஏற்கெனவே விற்றுவிட்டான். ஆம்ப் இல்லாமல் தட்டிப் பார்த்து எலெக்ட்ரிக் கிட்டார் வாங்குவதில் அர்த்தமே இல்லை, அதனால் பேட்டரியில் ஓடும் குட்டி ஆம்பைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். கம்பியின் அதிர்வைப் பிடித்து ஆம்புக்கு அனுப்பும் பிக்கப்புகளில், நடு பிக்கப்பில் உம்மென்று இரைச்சல். கம்பியில் கை வைத்ததும் அடங்கியது. அப்படியானால் கம்பிகளுக்கு எர்த் ஒழுங்காக இருக்கிறது. கை வைத்ததும் இரைச்சல் கூடினால்தான் வயரிங்கைச் சந்தேகப்பட வேண்டும். வால்யூம் குமிழ் கரகரத்தது, அது தூசி.

கடைசியாக, ஸ்விட்சை பிரிட்ஜ் பிக்கப்புக்குத் தள்ளிவிட்டு அந்த 'லூஸான' குமிழை மேலே இழுத்தேன். தடித்த சத்தம் சட்டென்று மெலிந்து கணீரென்றது. அமுக்கினேன், பழையபடி ஆனது.

"அண்ணா, என்ன பண்ணீங்க?"

அது புஷ்-புல் குமிழ், தம்பி. இழுத்தால் பிரிட்ஜ் பக்கம் இருக்கும் ஹம்பக்கர் பிக்கப்பின் இரண்டு சுருளில் ஒன்று அணைந்து, ஒரே சுருள் உள்ள சிங்கிள் காயில் பிக்கப் மாதிரி ஒலிக்கும். கம்பெனியே அப்படித்தான் செய்கிறது என்றேன். அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "ஃபெவிக்விக் போட்டு ஒட்டிடலாம்னு இருந்தேண்ணா!"

சொல்லாமல் இருந்திருந்தால் அந்தக் குமிழைக் காட்டியே ஆயிரம் ரூபாய் குறைத்திருக்கலாம் என்று வீட்டில் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள். நான் துருவைக் காட்டித்தான் பேரம் பேசினேன். 14,000-க்கு முடிந்தது. அந்த மாடலுக்கு, அந்த நிலைமையில், நியாயமான விலை என்றே நினைக்கிறேன்.

புதுக் கம்பி போட்டு, கான்டாக்ட் க்ளீனர் அடித்ததும் கரகரப்பு போய்விட்டது. அந்த இரண்டு திருகும் மட்டும் துருநீக்கி எண்ணெயில் ஊறியும் மசியவில்லை. பிரிட்ஜை மொத்தமாக மாற்றாமல் சேடில் மட்டும் சென்னையில் எங்கே கிடைக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.