சனிக்கிழமைச் சுறாவும் ஞாயிற்றுக்கிழமைக் கடலும்

கேள்வி: டர்பனில் வசிக்கிறோம். சனிக்கிழமை இரவு சோற்றுப் பானையைக் கழுவிக் கவிழ்த்த கையோடு, நானும் மகனும் சுறாப் படம் பார்க்க உட்கார்ந்துவிடுவோம். ஆனால் மறுநாள் கடலில் கால் நனைக்கவே அவன் மறுக்கிறான். என்ன சொல்லித் தேற்றுவது?

பதில் 1: டர்பன் கரையோரம் 1952 முதல் சுறா வலைகள் இருக்கின்றன என்று சொல்லுங்கள், அக்கா. அவை கரையை முழுதாக அடைக்கும் வேலி அல்ல. ஏறக்குறைய 6 மீட்டர் ஆழமே தொங்குவதால், சுறா அடியிலும் ஓரத்திலும் நுழைந்துவிடலாம். சுறாக்களைப் பிடித்து எண்ணிக்கையைக் குறைப்பதே அவற்றின் வேலை. (ஆமைகளும் ஓங்கில்களும் அவற்றில் சிக்கி மடிவதுதான் எனக்கு உறுத்தல்.)

பதில் 2: 1975இல் வெளிவந்த ‘ஜாஸ்’ படத்தின் இயந்திரச் சுறா உப்புநீரில் அடிக்கடி பழுதானதால்தான், அது நெடுநேரம் கண்ணில் படாமலே மிரட்டுகிறது என்று என் மகளிடம் சொன்னேன், அன்றிலிருந்து, “இப்போது பழுதாகியிருக்கும்” என்று முறுக்கைக் கடித்தபடி சிரிக்கிறாள்.

கேட்டவர்: இருவருக்கும் நன்றி. தம்பி, வலையின் ஆழத்தை மட்டும் அவனிடம் சொல்லப்போவதில்லை.