ஆவுஸ்லேஸெ: 'ஆய்பறிப்பு' எனலாமா?

நண்பர்களே,

> ஆவுஸ்லேஸெ = தேர்ந்தெடுக்கப்பட்ட அறுவடை
> ஏடல்ஃபொய்லெ = உயர்தர அழுகல்

ஜெர்மன் ஒயின் சொற்கள் இரண்டுக்கு நேற்றைய மடலில் வந்த இந்தத் தமிழாக்கங்கள் நம் கலைச்சொல் பட்டியலில் ஏறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. சொல்லுக்குச் சொல் பார்த்தால் பொருள் தவறில்லை. ஆனால் முதலாவது விளக்கம், சொல் அல்ல. இரண்டாவது பழத்துக்குள் நடப்பதையே மாற்றிச் சொல்கிறது.

ஜெர்மனியில் உள்ள ஒரு திராட்சைத் தோட்டத்தை வைத்துப் பார்ப்போம். மோசல் ஆற்றில் கலக்கும் சார் ஆற்றங்கரையில், வில்டிங்கன் ஊரில் இருக்கிறது ஷார்ட்ஸ்ஹோஃப். ட்ரியர் நகரத்து மடம் ஒன்றின் சொத்தாக இருந்தது. பிரெஞ்சுப் புரட்சி அரசு மடங்களின் நிலங்களை விற்றபோது, 1797-ல் ஒரு குடும்பம் வாங்கியது. இன்றும் அதே குடும்பம்தான். தந்தைக்கும் மகனுக்கும் ஏகோன் முல்லர் என்ற ஒரே பெயர் வழிவழியாக வருகிறது. சிலேட்டுப் பாறை உடைந்து கிடக்கும் சரிவு, குளிர்ந்த பள்ளத்தாக்கு, ரீஸ்லிங் என்னும் வெள்ளைத் திராட்சைக் கொடிகள். ரீஸ்லிங் தாமதமாகப் பழுக்கும், புளிப்பை எளிதில் இழக்காது. அதனால்தான் இலையுதிர்காலம் முடியும்வரை பழத்தைக் கொடியிலேயே விட முடிகிறது.

அப்போதுதான் பொட்ரைட்டிஸ் என்னும் பூசணம் வருகிறது. காலையில் ஆற்று மூடுபனி, பிற்பகலில் வெயில் என்று நாட்கள் அமைந்தால், பூசண இழைகள் தோலைத் துளைக்க, பழத்தின் நீர் ஆவியாகி வெளியேறுகிறது. பழம் சுருங்கி, சர்க்கரையும் புளிப்பும் உள்ளே செறிகின்றன. வெயில் இல்லாமல் ஈரமே நீடித்தாலோ, அதே பூசணம் பழத்தை உடைத்துக் கெடுத்துவிடும். அழுகல் என்ற பெயர் அந்த இரண்டாவது நிலைக்குத்தான் பொருந்தும். முதலாவது உண்மையில் வற்றுதல். சுண்டைக்காய் வற்றல் தெரிந்த நமக்கு இதைப் பிரித்துச் சொல்வதில் என்ன சிரமம்? ஏடல்ஃபொய்லெக்கு நற்பூசணம் என்பது என் பரிந்துரை. கெடுக்கும் நிலையைச் சாம்பல்நிற அழுகல் என்று முழுதாக எழுதலாம். 'சாம்பல் நோய்' வேண்டாம், நம் வேளாண்மைத் துறையினர் அதை வேறொரு நோய்க்குப் பல காலமாக வைத்திருக்கிறார்கள்.

இனி ஆவுஸ்லேஸெ. நன்கு பழுத்த குலைகளை மட்டும் பார்த்துப் பார்த்துப் பறிப்பது. அறுவடை என்றால் வயலில் வரிசையாக அறுத்துக்கொண்டே போகிற படம்தான் மனத்தில் எழுகிறது. இங்கே வேலை வேறு. நல்லதை எடுத்து, வேண்டாததை விட்டுவிடுகிற கை. இதற்கு நம் அடுக்களையிலேயே சொல் இருக்கிறது: கீரை ஆய்தல். 'கீரை ஆஞ்சாச்சா?' என்று கேட்கிற வீடுகளில் அந்த 'ஆய்' இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆயிழை என்றால் ஆய்ந்தெடுத்த அணிகலன் அணிந்தவள். அதே வழியில் ஆய்பறிப்பு. வினைத்தொகை, ஆகவே வல்லினம் மிகாது. 'ஆய்ப்பறிப்பு' என்று எழுதிவிடாதீர்கள்.

எனக்கு இதில் பெரிய மகிழ்ச்சி ஒன்று உண்டு. ஜெர்மனில் 'லேஸன்' என்றால் பொறுக்கிச் சேர்ப்பது, வாசிப்பதும் அதே சொல்தான். தமிழில் 'ஆய்' என்பதும் அப்படியே: கீரையையும் ஆய்கிறோம், நூலையும் ஆய்கிறோம். 'ஆய்வு என்றால் ஆராய்ச்சி என்றுதானே நினைப்பார்கள்' என்று ஒருவர் கேட்கக்கூடும். நினைக்கட்டும், பின்னால் 'பறிப்பு' வந்ததும் தெளிந்துவிடும்.

ஜெர்மன் ஒயின் தர வரிசையின் அடுத்த படிகளும் இதிலிருந்தே வளர்கின்றன. பழம் பழமாக எடுப்பது மணி ஆய்பறிப்பு. நற்பூசணத்தால் வற்றிய பழங்களை மட்டும் எடுப்பது வற்றல்மணி ஆய்பறிப்பு, அதாவது ட்ரொக்கன்பேரன் ஆவுஸ்லேஸெ. மோசல் வட்டாரத்தில் இதன் சாறு குறைந்தது 150 எக்ஸ்லே காட்ட வேண்டும். ஒரு லிட்டர் சாறு ஒரு லிட்டர் நீரைவிட 150 கிராம் கூடுதலாக எடை இருக்கும் என்று பொருள். அவ்வளவு சர்க்கரையில், சாறைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட் திணறிப்போகும். அதனால் ஆல்கஹால் 5.5 சதவீதம் இருந்தாலே சட்டத்துக்குப் போதும். எல்லா ஆண்டும் இது கிடைக்காது. கிடைக்கும் ஆண்டிலும் மிகக் கொஞ்சம்தான்.

தாமதமாகப் பறிக்கும் ஷ்பெட்லேஸெக்குப் பின்பறிப்பு போதும். ஐஸ்வைனுக்கு, பழம் கொடியிலேயே சுழியத்துக்குக் கீழ் 7 பாகையில் உறைய வேண்டும் என்பதால், உறைபறிப்பு என்று வைக்கலாமா? பனித்தேறல் என்பதும் அழகுதான், ஆனால் வரிசையில் 'பறிப்பு' விட்டுப்போகிறது.

அதே தர வரிசையில் வரும் காபினெட்டை மட்டும் அப்படியே விடச் சொல்வேன். அது பறிப்பைக் குறித்த சொல்லே அல்ல. நல்ல ஒயினைத் தனியே பூட்டிவைத்த அறையின் பெயரிலிருந்து வந்தது.