கோடியக்கரை மழையில் வெளிமான் படம் மங்குவது ஏன்?

கேள்வி: ஐப்பசி அடைமழையில் எடுத்த வெளிமான் முகங்கள் சாம்பல் பூத்து, கண் மழுங்கி வருகின்றன. 400 மிமீ லென்ஸ், துளை எஃப் 5.6, ஷட்டர் வேகம் 1/250 நொடி. எதை மாற்றணும்?

பதில் 1: 1/250 பத்தாது தம்பி. ஈரக் காதை மான் உதறிக்கொண்டே இருக்கும். 1/800 வையுங்க, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 3200 ஆனாலும் பரவாயில்லை. அதனால் படத்தில் வரும் புள்ளி இரைச்சலைப் பிறகு குறைக்கலாம், அசைந்த கண்ணை மீட்க முடியாது. ஒற்றைப் புள்ளி ஃபோகஸ் கண்ணில். அகலப் பரப்பு வைத்தால் முன்னால் விழும் மழைத்தாரையைப் பிடித்துக்கொள்ளும்.

பதில் 2: ஏசி காரிலிருந்து எடுத்தவுடன் லென்ஸ் வேர்க்கும், மொத்தப் படமும் பால் கலந்த மாதிரி ஆகும். பையோடு அரைமணி வெளியே வைத்துவிட்டுத் திறங்க. லென்ஸ் முன் மாட்டும் ஹூட் (மறைப்பு) கட்டாயம்.

பதில் 3: நிறத்துக்கு ரா கோப்பு (கேமரா பதிவு செய்ததை அப்படியே வைக்கும் கோப்பு), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்) 6500 கெல்வின் அருகே. எடிட்டிங்கில் மங்கலைக் குறைக்கும் டீஹேஸ் 10–15 போதும். கூட்டினால் வயிற்று வெள்ளை நீலம் பாயும். கூர்மையை மாஸ்க் போட்டு கண், இமைமுடிக்கு மட்டும் கொடுங்க. பின்னணிக்கும் கொடுத்தால் தூறல் மணல் கொட்டியது போலத் தெரியும்.