உட்கார்ந்தான், எழுதினான், ஆனாலும் கணக்கு வரவில்லை

செந்தூல் அம்மா:
மகனுக்கு ஏ.டி.எச்.டி. (கவனச் சிதறல், மிகைத்துள்ளல் குறைபாடு) என்று பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கும்போதுதான் தெரிந்தது. அதுவரை தேர்ச்சி அறிக்கையில் ஒரே வாசகம்: கெட்டிக்காரன், முயற்சி போதாது. ஒருமுறை கணிதத் தாளில் முதல் பக்கம் முழுவதும் சரி. பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. "ஏனடா?" என்றேன். "பின்னாலும் கணக்கு இருந்ததா அம்மா?" என்றான். அன்று அவனை அடித்தேன். இப்போது நினைத்தாலும் கை கூசுகிறது.

மருத்துவர் வீட்டைப் பற்றிக் கேட்டதோடு விடவில்லை. பள்ளியிலும் அப்படித்தானா, 6 மாதத்துக்கு மேல் நீடிக்கிறதா என்று ஆசிரியையிடமும் படிவம் நிரப்பி வாங்கிவரச் சொன்னார். பிறகு மெத்தில்ஃபெனிடேட் என்ற, கவனத்துக்கான மாத்திரையைத் தொடங்கினோம். இரண்டே வாரத்தில் வகுப்பாசிரியை கூப்பிட்டு, "உட்கார்ந்து எழுதுகிறான், முடித்தும் விடுகிறான்" என்றார். கோயிலில் தேங்காய் உடைத்தேன். ஆனால் மருந்தால் மதியம் பசிக்காது, கொடுத்தனுப்பிய நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) அப்படியே திரும்பி வரும். மாலை ஏழு மணிக்குத்தான் அகோரப் பசி.

ஆண்டிறுதித் தேர்விலோ கணிதம் பழைய இடத்திலேயே நின்றது. மருந்து மீது எனக்கு அத்தனை கோபம். மருத்துவர் பொறுமையாக விளக்கினார்: மருந்தால் நடத்தை சீராகும், வகுப்பு வேலை கூடுதலாக முடியும், தேர்வு மதிப்பெண்ணில் அதே அளவு ஏற்றம் தெரியாது, ஆய்வுகளிலும் அப்படித்தான். கேட்காமல் விட்ட மூன்றாண்டுப் பாடத்தை மாத்திரையா சொல்லிக் கொடுக்கும்? சோதித்துப் பார்த்தால் 7, 8 வாய்பாடே தெரியவில்லை. பிரத்தியேக வகுப்பை (டியூஷனை) நிறுத்தினோம். இப்போது தாத்தாவோடு அடுக்குமாடிப் படிக்கட்டில் பத்து நிமிடம், ஒரு படிக்கு ஒரு பெருக்கல். நாற்காலியில் நிற்காதது படியில் நிற்கிறது.

பட்டர்வொர்த் ஆசிரியை (ஓய்வு):
நானும் அந்த வாசகத்தை எழுதியவள்தான் அம்மா. ஓடுகிற பையன் கண்ணில் படுவான். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சத்தமில்லாமல் இருக்கும் பெண் பிள்ளையை யார் கவனிப்பது? அப்படி ஒருத்தியைக் "கனவு காண்கிறாள்" என்று எழுதி அனுப்பினேன். துள்ளலே இல்லாமல் கவனம் மட்டும் சிதறும் வகையும் ஏ.டி.எச்.டி.தான் என்று அன்று எனக்குத் தெரியாது. நம் மலேசியாவில் ஆறாம் ஆண்டுப் பொதுத் தேர்வான யூ.பி.எஸ்.ஆர். 2021இலும் மூன்றாம் படிவத் தேர்வான பி.டி.3 மறு ஆண்டிலும் ரத்தானபோது மகிழ்ந்தேன், மறுக்கவில்லை. ஆனால் அப்போது படித்த பிள்ளைகளுக்கு ஐந்தாம் படிவத்தில் எழுதும் எஸ்.பி.எம்.தான் முதல் பொதுத் தேர்வாகிவிட்டது. பள்ளியில் யாரும் கவனிக்காத பிள்ளை பதினேழு வயதில்தான் வெளியே தெரிந்தது.

பிறை தம்பி:
அந்தப் பதினேழு வயதுப் பிள்ளை நான்தான் டீச்சர். சமூகநல இலாகாவின் மாற்றுத்திறனாளி அட்டையில் கற்றல் சிக்கல் என்ற பிரிவில் எங்களையும் சேர்ப்பார்கள். அட்டை எடுத்தால் எஸ்.பி.எம்.மில் கூடுதல் நேரம் கேட்கலாம் என்று வீட்டில் சொன்னேன். "நாளைக்குப் பெண் கேட்டுப் போக வேண்டாமா?" என்றார் பெரியப்பா. எடுக்கவில்லை. வரலாற்றுத் தாளில் கடைசிக் கேள்விக்கு விடை தெரியும், மணி அடித்துவிட்டது. அக்கா, அந்தப் படிக்கட்டு எத்தனை மாடி?

செந்தூல் அம்மா:
ஐந்து மாடி தம்பி. எட்டாம் வாய்பாட்டுக்கு மட்டும் இரண்டு முறை ஏறுகிறார்கள். தாத்தாவுக்குத்தான் மூச்சு வாங்குகிறது.