புதுப்பிப்பு: கொக்குவிலிலிருந்து யாழ்ப்பாண நகருக்கு ஓட ஒரு சைக்கிள்

சேலையோடு அலுவலகத்துக்கு ஓடக்கூடிய, பார்க்க அழகான, அடிக்கடி திருத்தக் கொடுக்கத் தேவையில்லாத சைக்கிள் எது என்று முன்பு கேட்டிருந்தேன். பலர் கியர் சைக்கிளைச் சொன்னீர்கள். ஒருவர் சங்கிலிக்குப் பதிலாக பெல்ட் பூட்டியதைச் சொன்னார். பெல்ட் துருப்பிடிக்காது, எண்ணெய் கேட்காது; உண்மைதான். ஆனால் அதை மாட்டுவதற்குப் பின்சட்டம் ஓரிடத்தில் பிரிந்து திறக்க வேண்டும். சாதாரண சட்டத்தில் ஏறாது. கியரையும் விட்டுவிட்டேன். குடாநாட்டில் ஏற்றத்துக்கு எங்கே போவது? (தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று எதிரே அடிக்கும் நாளில் மட்டும் கொஞ்சம் ஏக்கம் வரும்.)

வாங்கியது பழைய ராலே பெண்கள் சைக்கிள். கரும்பச்சை பூசுவித்தேன். சங்கிலியை முழுதாக மூடும் தகரப் பெட்டிதான் இதன் உயிர். மாரியில் காங்கேசன்துறை (கே.கே.எஸ்.) வீதிச் சேறு பெட்டியின் மேல் காய்ந்து கிடக்க, மூடியைத் திறந்தால் உள்ளே சங்கிலி எண்ணெய்ப் பளபளப்போடு இருக்கிறது. சேலைக் கரையும் தப்பியது.

பிரேக்தான் வில்லங்கம். குரோம் பூசிய இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்குகிறது. முன்சக்கரத்துக்கு அலுமினிய ரிம் போட்ட பிறகே மழையில் நம்பி ஓடுகிறேன்.

துருப்பிடிக்காமலிருக்கத் தேங்காய் எண்ணெய் பூசச் சொன்ன அண்ணைக்கு: அது பிசுபிசுத்துத் தூசியைத்தான் பிடிக்கிறது. பண்ணைக் கடற்கரைப் பக்கம் போய்வந்தால் உப்பு முதலில் கைப்பிடிக் குரோமில்தான் புள்ளி வைக்கிறது; ஈரத்துணியால் துடைத்து, மெஷின் எண்ணெய் தடவுங்கள். டைனமோ விளக்கு இன்னும் பூட்டவில்லை.